யாருக்கும் சொந்தமில்லாத இருபது மீட்டர்

“ஓடுற வண்டி எப்போ நிக்க ஆரம்பிக்குது, சொல்லு பார்ப்போம்?”

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர் முதல் நாள் அவளிடம் கேட்ட கேள்வி அது. “பிரேக்கை மிதிக்கும்போது” என்று அவள் சட்டென்று சொன்னாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்காவும் தலையாட்டினாள். மாஸ்டர் சிரித்தார்.

“ரெண்டு பேரும் ஃபெயில். குறுக்க ஒருத்தர் வர்றதைப் பார்க்கிறப்பவே ஆரம்பிச்சிடுது. கண்ணு பார்க்கணும், மனசு திடுக்குங்கணும், அப்புறம்தான் கால் போகும். அதுக்குள்ள வண்டி பத்துப் பன்னெண்டு மீட்டர் தன் பாட்டுக்குப் போயிடும். அந்தத் தூரம் பிரேக்கோட கணக்குல வராது. உன் கணக்கு.”

அதனால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. குறுக்கே எதையாவது கண்டதும், ஓட்டப் பழகுகிறவர் “பார்த்தேன்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். கால் பிரேக்கில் பதிந்ததும் “மிதிச்சேன்” என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் மொத்தப் படிப்பும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதால் தெருவுக்கே இந்தப் பாடம் மனப்பாடம். தெருவோரக் கடைக்காரர்கள் பள்ளியின் வண்டியைப் பார்த்தால் “பார்த்தேன், மிதிச்சேன்” என்று பழிப்புக் காட்டுவார்கள்.

அக்காவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நெடுநெடுவென்ற உயரம்; ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை; ரத்தத்தைக் கண்டே பதறாதவள் தெருவைக் கண்டா பதறப்போகிறாள்? தங்கைக்குத்தான் பெடல் எட்டவில்லை. சீட்டை முன்னுக்கு இழுத்த பிறகும் குதிகால் அந்தரத்தில் தொங்கியது. மாஸ்டர் செங்கல் அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்து, பச்சை பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து குதிகாலுக்கு அணையாக வைத்தார்.

“அரைப்படிக்கு ஒரு படி கிடைச்சாச்சு!” என்று அக்கா பின்னாலிருந்து கைதட்டினாள்.

அரைப்படி என்ற பட்டப்பெயரை வைத்தவளும் அவள்தான். வீட்டில் செல்லமாகத் தொடங்கியது, தங்கை வேலை பார்த்த துணிக்கடை வரை போய்விட்டது. பில் போடும் மேசைக்குப் பின்னால் முக்காலி மேல் ஏறி நிற்பவளை அங்கே வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

ஒன்றை மட்டும் மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாடம் முடிந்ததும் கட்டையை எடுத்துப்போய், வண்டியின் பின்பக்க டிக்கியில் உள்ள பையில் போட்டுவிட வேண்டும். காலையில் தங்கைக்கு முதல் பாடம், அடுத்தது அக்காவுக்கு. ஒரே வண்டி.

அதெல்லாம் சிரிப்பாக இருந்த நாட்கள்.

இப்போது அவள் மருந்துக்கடை மாடியில், டேப் சாரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ்காரர்களுக்காக விபத்து நடந்த இடங்களை அளந்து சொல்வது அவருடைய தொழில். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் அந்தப் பெயர். மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க, உடைந்த ஹெட்லைட் ஒன்றை வைத்திருந்தார். அவள் பேசி முடிக்கும்வரை அவர் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது.

“சுருக்கமா நான் சொல்லட்டுமா?” என்றார். “பாடம் நடக்கிறப்ப உங்க அக்கா ஓட்டின வண்டி, சாவி செய்யிற பெரியவர் மேல மோதிடுச்சு. அவர் ஆஸ்பத்திரியில இறந்துட்டார்.”

“அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சார். அதே வார்டு.” அவள் குரல் உடைந்தது. “அன்னையிலிருந்து அக்கா வேலைக்குப் போகல. என்கிட்டகூடச் சரியாப் பேசல. அதிவேகம்னு கேஸ் போட்டிருக்காங்க. தண்டனை ஆச்சுன்னா நர்ஸ் வேலையே போயிடும். அம்மா போனதுக்கு அப்புறம் என்னை வளர்த்தவ அவதான். அவ வேகமா ஓட்டுறவ இல்ல சார். நத்தைகூட ஓரம் போன்னு ஹார்ன் அடிச்சிட்டு முந்திப் போகும்.”

டேப் சார் லேசாகச் சிரித்தார். “போலீஸ் என்ன எழுதியிருக்கு?”

“பிரேக் தூரம் நாற்பது மீட்டர்னு.”

“நாற்பது மீட்டருக்கு டயர் தேய்ஞ்சிருக்குமா? அப்படின்னா எண்பதுக்கு மேல போயிருக்கணும். அந்தத் தெருவில எண்பதா?” ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். “எந்த இடத்திலிருந்து அளந்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“வாங்க, போய்க் கேட்போம். டேப்போட அந்த முனையைப் பிடிக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்.”

தெரு நேரானது, மேடு பள்ளம் இல்லாதது. சாவிக்காரர் உட்காரும் மரத்தடி காலியாகக் கிடந்தது. யாரோ அங்கே ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே தார் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. அவள் டேப்பின் முனையைப் பிடித்தபடி குனிந்தோடினாள். பத்து நாளாக முடங்கிக் கிடந்த கைகளுக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கே வெட்கமாக ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது.

“ஒன்பது மீட்டர்தான் சார்!”

“ஒன்பதுன்னா வேகம் நாற்பதுக்கிட்ட. அதுக்கு மேல இல்ல.” அவர் கோட்டின் தொடக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவினார். “இது தொடங்கிற இடத்தைப் பாருங்க. மெல்ல மெல்லக் கறுக்கல. எடுத்த எடுப்பிலேயே அடுப்புக்கரி மாதிரி இருக்கு. சரி, நாற்பது எங்கிருந்து வந்துச்சு?”

அது தையல்கடையிலிருந்து வந்தது. தையற்காரர் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: “நான்தாங்க போலீஸ்கிட்ட சொன்னேன். அந்தப் பொண்ணு பெரியவரைப் பார்த்தது இங்கே, என் கடை வாசல்லன்னு. ‘பார்த்தேன்’னு சத்தம் கேட்டுச்சே.”

“வேற எதுவும் கேட்டுச்சா?”

“‘மிதிச்சேன்’னும் சொல்லுச்சு. உடனேதான். அடுத்த கடைகூடத் தாண்டியிருக்காது.”

டேப் சார் தெருவில் இறங்கி நின்றார். “பார்த்தீங்களா? போலீஸ், உங்க அக்கா பார்த்த இடத்திலிருந்து வண்டி நின்ன இடம் வரைக்கும் அளந்து, மொத்தத்துக்கும் பிரேக் தூரம்னு பேர் வெச்சிட்டாங்க. பார்த்ததிலிருந்து மிதிக்கிற வரைக்கும் போனது ஒரு தூரம். பிரேக் பிடிச்சு நிக்கிறது இன்னொரு தூரம். ரெண்டையும் சேர்த்தாத்தான் வண்டி நின்ன தூரம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிடுச்சு.”

“அப்போ அக்கா தப்பிச்சாளா சார்?”

“வேகத்திலிருந்து தப்பிச்சாங்க. கணக்கு இன்னும் முடியல.” அவர் குரல் தணிந்தது. “மொத்தம் நாற்பது. கோடு ஒன்பது. பார்த்து மிதிக்க ஒரு பதினொண்ணு. மிச்சம் இருபது. இந்த இருபது மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாமக் கிடக்கு. மிதிச்சேன்னு சொன்னதுக்கு அப்புறமும் வண்டி சும்மா ஓடியிருக்கு.”

அந்த இருபது மீட்டருக்கு மாஸ்டரிடம் பதில் தயாராக இருந்தது. பள்ளியின் முற்றத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. நெற்றியில், புருவத்துக்கு மேலே, ஆறிவரும் காயம்.

“வாய் மிதிச்சிருச்சு, கால் மிதிக்கல,” என்றார், தங்கையின் முகத்தைப் பார்க்காமல். “பழக்கத்துல சொல்லு தானா வந்திடும் சார். உடம்பு உறைஞ்சு போயிடும். நான் ரோட்டைப் பார்த்துட்டேதான் இருந்தேன். கடைசியில, பயிற்சி வண்டின்னு என் பக்கம் வெச்சிருக்கிற தனி பெடலை மிதிச்சேன். அதான் அந்த மட்டுக்காவது நின்னுச்சு.”

“பிரேக்குல கோளாறு இருந்துச்சா?”

“போலீஸே ஓட்டிப் பார்த்தாங்க. வெண்ணெய் மாதிரி பிடிக்குது.”

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “அப்படியும் நடக்குமா சார்?”

“நடக்கும். நிறையப் பார்த்திருக்கேன். உங்க அக்கா என்ன சொல்றாங்க?”

“முதல்ல, மிதிச்சேன், பெடல் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா. பிரேக் நல்லாயிருக்குன்னு போலீஸ் சொன்னதும் அதையும் நிறுத்திட்டா. அதிர்ச்சியில இருக்கிறவங்க நடக்காததையெல்லாம் நடந்ததா சொல்லுவாங்க, ஆஸ்பத்திரியில நானே பார்த்திருக்கேன்னு சொல்றா. அவ பேச்சை அவளே நம்பல சார்.”

டேப் சார் இடுப்பிலிருந்த டேப்பை ஒருமுறை இழுத்துச் சுருட்டினார். பிறகு, “இதோட நிறுத்தினாலும் அதிவேகம்கிறது போயிடும்” என்றார். “ஆனா கால் உறைஞ்சு ஒரு ஆளைக் கொன்னுட்டாங்கன்னு நிக்கும். அவங்களும் சாகுற வரைக்கும் அப்படித்தான் நம்புவாங்க.”

“நிறுத்த வேண்டாம் சார். எங்க போய் முடிஞ்சாலும் சரி.”

அந்தப் பேச்சைப் பிற்பாடு அவள் எத்தனையோ முறை நினைத்துக்கொள்ளப்போகிறாள்.

மறுநாள் காலை தையல்கடை ஓரத்தில் காய்ந்த மஞ்சள் கறை ஒன்றைக் காட்டி டேப் சார் விசாரித்ததில், மொபெட்டில் முட்டை விற்பவர் அகப்பட்டார். இன்னும் ஆத்திரம் அடங்காதவராக இருந்தார்.

“ஒரு தட்டு முட்டை போச்சுங்க! யார் கேட்டா? நான் அந்த வண்டிக்குப் பின்னாலயே வந்துட்டிருந்தேன். இதோ இங்கே பின்னால சிவப்பு லைட் பளிச்சுனு எரிஞ்சுச்சு. நிக்கப்போகுதுன்னு நானும் பிரேக்கைப் பிடிச்சேன். முட்டைதான் உடைஞ்சுச்சு, வண்டி நிக்கல. லைட்டை எரியவிட்டுட்டே போயிட்டிருக்கு! எல் போர்டுன்னாலே இப்படித்தான்னு திட்டிட்டுக் கீழே குனிஞ்சேன். அதுக்குள்ள டமார்னு சத்தம்.”

“சிவப்பு லைட் நடுவுல அணைஞ்சுச்சா?”

“அணையவே இல்லைங்க.”

அவள் டேப் சாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், பெடலைத் தொட்டாத்தானே சிவப்பு லைட் எரியும்? அக்கா மிதிச்சிருக்கா! கால் உறையல!”

“ஆமாம்மா. மிதிச்சிருக்காங்க. எடுக்கவே இல்ல. லைட் எரியற அளவுக்கு பெடல் இறங்கியிருக்கு, பிரேக் பிடிக்கிற அளவுக்கு இறங்கல. கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாங்கல்ல?” அவர் பார்வை தெருவின் கோடிவரை போய்த் திரும்பியது. “பிரேக் நல்லாயிருக்கு. அப்போ பெடலுக்கு அடியில ஏதோ இருந்திருக்கு.”

மாஸ்டர் இல்லாத வேளையில், அவருடைய மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திறந்தார்கள். டேப் சார் ஓட்டுநர் இடத்தில் மல்லாந்து படுத்து, டார்ச்சையும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியையும் பெடலுக்கு அடியில் நீட்டினார். கதவருகே மண்டியிட்டிருந்த அவள் ஆவலோடு எட்டிப் பார்த்தாள்.

“என்ன தெரியுது சார்? பாட்டிலா? டப்பாவா?”

“பெயின்ட் உரசியிருக்கு. நீங்களே பாருங்க.”

கண்ணாடித் துண்டில், பெடல் இரும்பின் அடிப்பக்கம் ஒரு தீற்றல் தெரிந்தது. பச்சை.

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள்.

டேப் சார் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். சீட்டை முன்னால் இழுத்துப் பார்த்தார், பின்னால் தள்ளிப் பார்த்தார். முன்னால் இருந்தபோது சீட்டு மறைத்த தரை, பின்னால் தள்ளியதும் வெளியே வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளாக வாய் ஓயாமல் கேள்வி கேட்டவள் தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அக்காவை என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. மாஸ்டரையும் வரச் சொல்றேன்.” சற்றுப் பொறுத்து, மெதுவாகச் சேர்த்தார்: “வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. இருபது மீட்டரை அப்படியே விட்டுடறேன்.”

“கூட்டிட்டு வர்றேன் சார்” என்றாள்.

அக்கா வர மறுக்கவில்லை. மருந்துக்கடைப் படிகளில் ஒவ்வொரு படியாக நின்று ஏறினாள். மாஸ்டர் ஏற்கெனவே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். டேப் சார் மேசைமேல் பென்சிலை வண்டியாகவும் அழிரப்பரை மரத்தடியாகவும் வைத்து, நிதானமாகத் தொடங்கினார்.

“இங்கே பார்த்தாங்க. இங்கே மிதிச்சாங்க. தையற்காரர் காதுல கேட்டார், முட்டைக்காரர் கண்ணால பார்த்தார். மாஸ்டர், நீங்க ரோட்டைப் பார்த்துட்டிருந்ததா சொன்னீங்க. ரோட்டைப் பார்க்கிறவன் மோதப்போறோம்னு தெரிஞ்சா கையை ஊணிக்குவான். உங்களுக்கு நெத்தியில அடி. டேஷ்போர்டுக்குக் கீழே குனிஞ்சிருந்தவருக்குத்தான் அங்கே அடிபடும்.”

மாஸ்டரின் கை நெற்றிக் காயத்துக்குப் போனது.

“நீங்களும் உங்க பெடலை மிதிச்சீங்க. ஆனா அது டிரைவர் பக்கத்து பெடலைத்தான் இழுக்குது. அதுவும் இறங்கல. அடியில எதுவோ இடிக்குதுன்னு புரிஞ்சு குனிஞ்சீங்க, பிடுங்கினீங்க. ஓட்டிட்டிருந்த இந்தப் பொண்ணு காலை எடுக்கவே இல்ல. மொத்த பலத்தோட அழுத்திட்டே இருந்தாங்க. அது வெளியே வந்ததும் பெடல் ஒரேயடியா இறங்குச்சு. அதனாலதான் கோடு எடுத்த எடுப்பிலேயே அத்தனை கறுப்பு. அந்த இருபது மீட்டர் இவங்க கால் செஞ்சதில்ல. அந்தப் பச்சைக் கட்டை செஞ்சது.”

அக்காவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. “மிதிச்சேன்” என்றாள், தனக்குத்தானே. “நான் மிதிச்சேன்.”

மாஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “என்னை மன்னிச்சிடும்மா. கூட்டம் கூடுறதுக்குள்ள கட்டையைப் புதர்ல வீசிட்டேன். பாடம் மாறும்போது உள்ளே குனிஞ்சு பார்க்க வேண்டியவன் நான். பார்க்கல. பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்களேன்னு பயந்து உன் தலையில போட்டுட்டேன். ஹாண்ட் பிரேக் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. இழுத்திருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு மரத்தடியில உட்கார்ந்திருப்பார். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன்! எனக்கு ஞாபகம் வரல.”

“கட்டை டிக்கியில இல்லாம பெடலுக்கு அடியில எப்படி வந்துச்சு?” என்று அக்கா கேட்டாள். அறைக்குள் வந்தபின் அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். அவர் கண்கள் ஒரு கணம் தங்கையிடம் போய், உடனே விலகின. “நான்தாம்மா வெச்சேன்” என்றார். “அவசரத்துல நான்தான் உள்ளே தள்ளிட்டேன். அப்படியே எழுதிக்குங்க சார்.”

டேப் சார் எழுதவில்லை. அவர் பென்சில் மேசைமேல் வண்டியாகவே கிடந்தது. ஆரஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தார், உரிக்காமல் திரும்ப வைத்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே விட்டுவிடலாம் என்று தங்கைக்குத் தோன்றியது. அக்கா தப்பித்துவிட்டாள். மாஸ்டர் ஏற்றுக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். சாயங்காலம் வீட்டில் அக்கா பழையபடி அரைப்படி என்று கூப்பிடுவாள்.

“அவர் இல்லக்கா, நான்” என்றாள்.

அக்கா திரும்பினாள்.

“அன்னைக்கு நான் இறங்கிற இடத்துல கடைப் பொண்ணுங்க பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாங்க. கட்டையைக் கையில தூக்கிட்டு அவங்க முன்னாடி டிக்கி வரைக்கும் நடக்கணும். அரைப்படிக்குக் கட்டை வேற வேணுமான்னு கேட்பாங்கன்னு…” அவளுக்கு மூச்சு வாங்கியது. “காலாலயே சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன். அப்போ சீட்டு முன்னால இருந்துச்சு, வெளியே தெரியல. நீ வந்து சீட்டைப் பின்னால தள்ளினே, ஓடுறப்ப அது பெடல் பக்கம் நகர்ந்திருக்கும். உன்கிட்டச் சொல்லணும்னுதான் நினைச்சேன். அவங்களோட சிரிச்சுப் பேசிட்டே மறந்துட்டேன். அன்னைக்கே கட்டை ஞாபகம் வந்திருந்தா இத்தனை நாள் உன்னை இப்படி விட்டிருக்க மாட்டேன்க்கா. பெடல்ல பச்சையைப் பார்த்தப்பதான்…”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். ஏதோ வெகு தூரத்தில், குறுக்கே வரும் ஒன்றைக் கண்டவள் போலப் பார்த்தாள். உதடுகள் ஒருமுறை பிரிந்தன. அந்தப் பட்டப்பெயர்தான் வரப்போகிறது என்று தங்கை நினைத்தாள். எதுவும் வரவில்லை.

அக்கா எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினாள். தள்ளிய பிறகு, பழக்கம் போலவும் பயம் போலவும், குனிந்து அதன் அடியில் ஒருமுறை பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.